ஏடு நோக்காது தொடுக்கப்படும் மருந்துகள்

இறம்பொடை மலைச்சாரலிலே சின்மயா மிஷன் அமைத்த பக்த அனுமான் ஆலயத்தைத் தரிசிப்போர், அனுமன் மருந்து மலையைப் பெயர்த்து வந்த கதையை நினைவுகூர்தல் இயல்பு. இலக்குமணனின் உயிரைக் காத்தற்கு வேண்டிய மூலிகை இன்னதென்று தெளிய இயலாமையால் மலை முழுவதையுமே அவன் தூக்கிவந்தான் என்பது இதிகாசம் கூறும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் மருந்தாராய்ச்சியாளரும் ஏறக்குறைய அவ்வாறே செய்தனர். தமக்கு வேண்டிய உயிர் எதுவென்று அறியாராகிய அவர்கள், கைப்பிடி மண்ணை முழுவதாகவே ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றனர். கோடையின் பின் முதல்மழை வீழ்ந்ததும் மண்ணிலிருந்து எழும் மணம், பெரும்பாலும் ஸ்ரெப்ரோமைசிஸ் முதலிய மண்வாழ் நுண்ணுயிர்கள் ஆக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணமேயாகும். தேயிலைச் செடியின் வேரடியில் அம்மணத்தை நுகர்பவர் எவரும், மருந்து செய்யும் ஒரு பெருங் குலத்தின் அருகே நிற்கின்றார் என்று கூறின் அது மிகையன்று.

அக்குலத்தார் ஆக்கும் நுண்ணுயிர்கொல்லிகளுள் ஒரு பெரும் பிரிவு, பெப்தைட்டு எனப்படும் அமினோ அமிலத் தொடராகும். உயிர்களின் புரதங்களும் அத்தகைய தொடர்களே. ஆயின் புரதம் தொடுக்கப்படும் முறை வேறு. இம்மருந்துகள் தொடுக்கப்படும் முறை வேறு. இவ்வேறுபாடு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதும், அதனால் மனிதர் அடைந்த பயன் யாது என்பதும் விஞ்ஞான வரலாற்றிலே தனியோர் அத்தியாயமாக வைத்து எண்ணத் தக்கன.

மண்ணிலே கண்ட மருந்து

அவ்வத்தியாயம் 1939ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. நியூயோர்க் நகரிலுள்ள ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய றெனே டியூபோஸ் என்பார், நோய்க்கிருமிகளை உண்டு வாழும் உயிரொன்று மண்ணில் இருத்தல் வேண்டும் என்று கருதினார். அவர் மண்ணை எடுத்து அதனுள் உயிருள்ள கிருமிகளை மீண்டும் மீண்டும் இட்டு வந்தார். அவற்றை அழித்துப் பெருகவல்ல ஓர் உயிர் நாளடைவில் அம்மண்ணிலே மேலோங்கிற்று. பசிலசு பிரெவிசு என்று அந்நாளிற் பெயரிடப்பெற்ற அப்பற்றீரியாவிலிருந்து ரைரோத்திரிசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது கிரமிசிடின், ரைரோசிடின் என்ற இருவகைப் பெப்தைட்டுகளின் கலவை என்பதை டியூபோசும் ஹொச்கிஸ் என்பாரும் விளக்கினர்.

இரத்தத்திற் கலந்தால் செங்குழியங்களைச் சிதைக்கும் இயல்பினதாதலால், அம்மருந்து புறப்புண்களுக்கு மாத்திரமே ஏற்றதாயிற்று. எனினும் மண்ணிலே மருந்து உண்டு என்ற நம்பிக்கையை அது நிலைநாட்டியது. பிளெமிங் 1928இற் கண்டு பின் பலராலும் மறக்கப்பட்டிருந்த பெனிசிலினை மருந்தாக்கும் முயற்சியில் ஒக்ஸ்போட் அறிஞர் ஈடுபட்டிருந்த வேளையில், டியூபோசின் வெற்றி அவ்வழிக்கு ஊக்கமளித்தது.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலே மொஸ்கோவில் காசெ, பிரஸ்னிக்கோவா என்னும் இருவர் உருசிய மண்ணிலிருந்து இவ்வினத்தைச் சார்ந்த வேறொரு மருந்தைக் கண்டனர். சோவியத் நாட்டின் பெயரால் அது ‘கிரமிசிடின் எஸ்’ எனப்பட்டது. காயமுற்ற போர்வீரருக்கு அது பயன்பட்டது. இங்கிலாந்து அறிஞரும் அதனைப் பெற்று ஆராயலாயினர். இச்சிறு மருந்தே பின்னர் ஒரு பெரும் உண்மையைத் திறந்து காட்டும் திறவுகோலாயிற்று.

புரத நெடுங்கணக்கிற் சேராத எழுத்துக்கள்

கிரமிசிடின் எஸ் எவ்வெவ் அமினோ அமிலங்களால் எவ்வரிசையில் ஆனது என்பதை 1947இல் சிஞ், மாட்டின் முதலியோர் தாளின்மீது பொருள்களைப் பிரித்தறியும் புதிய முறையாற் கண்டனர். அம்முறையின் அடிப்படையை வகுத்தமைக்காகவே அவ்விருவரும் 1952இல் நோபல் பரிசு பெற்றனர். கிரமிசிடின் எஸ் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வளையம். பினைலலனின், புரோலின், வலின், ஓர்னிதின், லியூசின் என்ற ஐந்தும் ஒரே வரிசையில் இருமுறை வந்து வளையமாக மூடுகின்றன.

இவ்வமைப்பிலே வியப்புக்குரிய செய்திகள் இரண்டு இருந்தன. முதலாவது, ஓர்னிதின் புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்றன்று. இரண்டாவது, இங்குள்ள பினைலலனின் வலக்கைக்கு இடக்கைபோலத் திரும்பிய வடிவினது. அமினோ அமிலங்கள் பலவும் இடவடிவு, வலவடிவு என இரு வடிவங்கொள்ள வல்லன. புரதங்களைத் தொடுக்கையில் உயிர்கள் இடவடிவையே கையாளுகின்றன. இம்மருந்தில் வலவடிவு புகுந்தது எங்ஙனம்? தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத எழுத்துக்கள் ஓர் ஏட்டிலே காணப்பட்டால், அவ்வேட்டைத் தமிழறிந்த எழுத்தாளன் எழுதினானா என்ற ஐயம் எழுமன்றோ? அத்தகைய ஐயமே இங்கும் எழுந்தது.

புரதம் தொடுக்கப்படும் முறை 1960களில் தெளிவாயிற்று. உயிர்க்கலத்தின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் மூலவேட்டிலே எழுதப்பட்டுள்ளது. அதன் படி ஆர்.என்.ஏ. வடிவில் இறைபோசோம் என்ற நுண்ணமைப்பை அடைகின்றது. இறைபோசோம் ஏடு பார்த்து எழுதும் எழுத்தாளனைப் போன்று, மூன்று மூன்று குறிகளாகச் செய்தியை வாசித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கின்றது. அக்குறிகளின் பொருளை விளக்கியவர்களுள் ஒருவரான ஹர்கோவிந்த் கொரானா 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இறைபோசோமின் அணு நிலை அமைப்பை விளக்கி 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் சிதம்பரத்திலே பிறந்தவர் என்பது தமிழ் மக்கள் அறிந்ததே. ஆயின் இறைபோசோமின் குறிகளுள் ஓர்னிதினுக்கும் வலவடிவுப் பினைலலனினுக்கும் குறி எதுவும் இல்லை.

எழுத்தாளன் இன்றி நடந்த வேலை

இச்சிக்கலை அவிழ்க்கும் முதற்சோதனைகளுள் ஒன்றை 1963இல் மாக், றைக், ரேற்றம் என்னும் மூவர் வெளியிட்டனர். புரத ஆக்கத்தைத் தடுக்கவல்ல மருந்துகளை அவர்கள் பற்றீரியாவுக்கு ஊட்டினர். புரத ஆக்கம் ஒடுங்கியது. ரைரோசிடின் ஆக்கமோ தொடர்ந்து நடந்தது. எழுத்தாளனின் கையைக் கட்டிய பின்னரும் எழுத்து வந்துகொண்டிருந்தது எனின், அதனை எழுதுபவன் வேறொருவன் என்பது தெளிவு.

இதனைத் தொடர்ந்து ஒஸ்லோவில் லாலண்ட் குழுவினரும், யப்பானின் ஒசாக்காவில் குராஹாஷி குழுவினரும், நியூயோர்க்கில் பிறிற்ஸ் லிப்மன் குழுவினரும் கலத்தை உடைத்துப் பெற்ற சாற்றிலேயே கிரமிசிடின் எஸ் மருந்தை ஆக்கிக் காட்டினர். அச்சாற்றிலிருந்து இறைபோசோம்களை நீக்கிய பின்னும், ஆர்.என்.ஏ.யை அழிக்கும் நொதியத்தை இட்ட பின்னும் வேலை தடைப்படவில்லை. இரண்டு பெரிய நொதியங்களும், அமினோ அமிலங்களும், ஆற்றல் தரும் அடினோசின் முப்பொசுபேற்றும் இருந்தாற் போதும் என்பது உறுதியாயிற்று. ஏட்டினை அருகில் வைத்துப் பாராமலே பத்து உறுப்புக்களும் பிழையற்ற வரிசையில் அமைந்தன. அவ்வாறாயின் வரிசை எங்கே எழுதப்பட்டிருந்தது?

லிப்மன் இக்கேள்விக்கு விடை காண ஏற்றவராக இருந்தார். கொனிக்ஸ்பேர்க் நகரில் 1899இற் பிறந்த அவர், உயிர்க்கலத்தில் பொசுபேற்றுப் பிணைப்பு ஆற்றலைச் சுமந்து செல்லும் நாணயம்போல வழங்குவதை 1941இல் விளக்கியவர். துணைநொதியம் ஏ என்ற பொருளைக் கண்டு 1953இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அத்துணைநொதியத்துள் பான்ரொதெனிக் அமிலம் என்ற விற்றமின் அடங்கியிருந்தது. மருந்து தொடுக்கும் நொதியங்களிலும் அதே விற்றமினாலான ஒரு சிறு புயம் இருத்தலை 1970ஆம் ஆண்டளவில் ஒஸ்லோ, நியூயோர்க் அறிஞர் கண்டனர். அப்புயத்தின் நுனியிலுள்ள கந்தகத்திலே அமினோ அமிலம் கோக்கப்பட்டு, நொதியத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கைமாறுகின்றது. கொழுப்பமிலங்களைக் கலம் கட்டும் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை லிப்மன் எடுத்துக் காட்டினார்.

சென்னை மாணவர் ஒருவரின் பங்கு

ஆற்றல் தரும் நாணயம் ஒன்று. கைமாற்றும் புயம் ஒன்று. இம்மருந்தாக்கத்துக்கு இன்றியமையாத இவ்விரண்டின் வரலாற்றிலும் சென்னையிற் பயின்ற ஒருவரின் பெயர் காணப்படுகின்றது. அவர் எல்லாப்பிரகடா சுப்பராவ். ஆந்திர நாட்டுப் பீமாவரத்தில் 1895இற் பிறந்த அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலே பயின்று, மூன்றாம் முயற்சியிலேதான் மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் தேறினார். மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தமையால் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறும்.

அமெரிக்கா சென்று ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்க் என்பாருடன் பணியாற்றிய சுப்பராவ், பொசுபரசை நிறத்தால் அளவிடும் முறையொன்றை 1925இல் அவருடன் சேர்ந்து வகுத்தார். அவ்விருவர் பெயராலும் வழங்கும் அம்முறை பல்லாண்டு காலம் உயிரிரசாயன ஆய்வுகூடங்களில் கையாளப்பட்டது. 1929இல் அடினோசின் முப்பொசுபேற்றை அவர்கள் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். செருமனியில் லோமன் என்பாரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டார். பான்ரொதெனிக் அமிலத்தை முதலிற் கண்டவர் றொஜர் வில்லியம்ஸ் ஆயினும், அது எலிகளின் ஊட்டத்துக்கு வேண்டப்படுவது என்பதைச் சுப்பராவும் ஹிச்சிங்சும் 1939இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அதன்பின் லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சியை நெறிப்படுத்திய சுப்பராவ் 1948இற் காலமானார்.

நுண்ணுயிர்கள் ஏடின்றிப் பெப்தைட்டுத் தொடுக்கும் முறையைச் சுப்பராவ் கேட்டறிந்தவரல்லர்; அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளின் பின்பே அதன் முதற்சான்றுகள் வெளிவந்தன. ஆயினும் தசையையும் விற்றமினையும் பற்றி அவர் தேடிய அறிவு, எவரும் எதிர்பாராத வேறொரு துறையில் அடிக்கல்லாயிற்று. பரீட்சையிற் பெற்ற தோல்வி அறிவின் எல்லையைக் காட்டுவதன்று என்பதற்கும், ஒரு துறையின் உழைப்பு மற்றொரு துறையில் விளைந்து பயன்தரும் என்பதற்கும் இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

தொழிற்சாலையின் பகுதிகள்

வரிசை எங்கே எழுதப்பட்டுள்ளது என்ற கேள்விக்கு முழுவிடை 1990களிலே கிடைத்தது. நொதியங்களுக்குரிய மரபணுக்களை அறிஞர் வாசித்தபோது, அந்நொதியம் ஒவ்வொன்றும் ஒரேவகைக் கூறுகள் திரும்பத் திரும்ப வரும் நெடுந்தொடராக இருத்தலைக் கண்டனர். மலைநாட்டார் நன்கறிந்த தேயிலைத் தொழிற்சாலையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது, பின்னர் உருட்டப்படுகின்றது, அதன்பின் நொதிக்க விடப்பட்டு, உலர்த்தப்பட்டு, இறுதியிற் சலிக்கப்படுகின்றது. அடுத்து என்ன செய்வதென்று எழுதிய தாள் கொழுந்துடன் கூடச் செல்வதில்லை. பொறிகள் நிற்கும் வரிசையே வேலையின் வரிசையாகும். மருந்து தொடுக்கும் நொதியத்திலும் கூறுகள் அமைந்த வரிசையே மருந்தின் வரிசையாகின்றது.

ஒவ்வொரு கூறும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்கும் பொறுப்புடையது. அக்கூற்றினுள் செயற்பகுதிகள் சில உள. முதலாவது தேர்வுப் பகுதி. இது தனக்குரிய அமினோ அமிலத்தை மட்டும் தேர்ந்து, அடினோசின் முப்பொசுபேற்றைச் செலவிட்டு, அதனை வினைக்குரிய நிலைக்கு உயர்த்துகின்றது. இரண்டாவது தாங்கு பகுதி. பான்ரொதெனிக் அமிலத்தாலான புயம் இதிலேதான் பொருத்தப்பட்டுள்ளது. மூன்றாவது இணைப்புப் பகுதி. முன்னைய கூற்றிலிருந்து வரும் தொடரையும் இக்கூற்றிலுள்ள அமினோ அமிலத்தையும் இது பிணைக்கின்றது. சில கூறுகளில் திருப்பு பகுதி என்ற நான்காவதும் உண்டு. இடவடிவை வலவடிவாக்குவது இதுவே. தொடரின் முடிவில் விடுவிப்புப் பகுதி ஒன்று நின்று, முற்றுப்பெற்ற மருந்தை நொதியத்தினின்றும் விடுவிக்கின்றது. வேண்டுமிடத்து அதனை வளையமாகவும் மூடுகின்றது.

கிரமிசிடின் எஸ் மருந்தின் ஆக்கத்தைக் காண்க. முதல் நொதியம் ஒரே கூறுடையது. அது பினைலலனினைத் தேர்ந்து வலவடிவாக்கி அடுத்த நொதியத்திடம் ஒப்படைக்கின்றது. நான்கு கூறுகள் கொண்ட அவ்விரண்டாவது நொதியம் புரோலின், வலின், ஓர்னிதின், லியூசின் என்பவற்றை முறையே சேர்க்கின்றது. ஐந்துறுப்புத் தொடர் ஒன்று முடிந்ததும் விடுவிப்புப் பகுதி அதனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. இரண்டாவது தொடர் வந்ததும் இரண்டையும் இணைத்து வளையமாக்கி விடுகின்றது. 1947இற் கண்ட இரு வியப்புக்களும் இங்கு விளக்கம் பெறுகின்றன. பத்து அமினோ அமிலங்களைக் கோக்கும் அவ்விரு நொதியங்களும் தாம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனவை. அவை புரதங்களாதலின், அவற்றைத் தொடுப்பது இறைபோசோமே. ஆகவே மூலவேடு முற்றாக நீங்கிவிடவில்லை. தொழிற்சாலையைக் கட்டும் விதி அதில் உள்ளது. கட்டிமுடிந்த தொழிற்சாலையோ தன் அமைப்பாலேயே பொருளை ஆக்குகின்றது.

தேர்வுப் பகுதி தனக்குரியதை எவ்வாறு அறிகின்றது என்பது இறுதிப் புதிராக எஞ்சியது. பினைலலனினைத் தேரும் பகுதியின் முப்பரிமாண அமைப்பு 1997இல் வெளியாயிற்று. அமினோ அமிலம் சென்று பொருந்தும் குழியின் சுவரைப் பத்து உறுப்புக்கள் அமைத்தல் அதிற் புலனாயிற்று. 1999இல் செருமனியின் மார்புர்க் நகரிலே மராஹியேல் குழுவினர், அப்பத்து உறுப்புக்களை வாசித்து அக்குழியிற் பொருந்தும் அமினோ அமிலத்தை முன்னறிந்து கூறும் விதியை வகுத்தனர். பூட்டின் துளையைக் கண்டே திறவுகோலின் வடிவத்தை உரைப்பது போன்றது இது. இதனால், மருந்தைக் காணுமுன்பே மரபணுவைக் கொண்டு அதன் உறுப்புக்களை ஊகிக்கும் வழி பிறந்தது. ஒரு நொதியத்தின் பகுதியை எடுத்து மற்றொன்றில் ஒட்டிப் புதிய பெப்தைட்டு ஆக்குதலும் கூடும் என்பதை அக்குழுவினர் 1995இலேயே காட்டியிருந்தனர். எனினும், அவ்வாறு ஒட்டிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் குறைந்த விளைவையே தருகின்றன.

இத்தொழிற்சாலையின் விளைபொருள்கள்

கிரமிசிடின் மாத்திரமன்றிப் பெருமருந்துகள் பலவும் இவ்வழியிலேயே பிறக்கின்றன. பெனிசிலினின் முதனிலை மூன்று அமினோ அமிலங்களாலான சிறு தொடர். மூன்று கூறுகள் கொண்ட ஒரே நொதியம் அதனைத் தொடுக்க, பிறிதொரு நொதியம் அதனை மடித்துப் பெனிசிலின் வடிவுக்குக் கொணர்கின்றது. இந்திய அரசு உலக சுகாதார நிறுவனத்தினதும் யுனிசெப்பினதும் உதவியுடன் 1954இல் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் நிறுவிய இந்துஸ்தான் அன்ரிபயோற்றிக்ஸ் நிறுவனத்தின் பெருந் தொட்டிகளிலே பங்கசு ஆக்கிய பெனிசிலின், இந்நொதியத்தின் உழைப்பால் வந்ததே. அந்நாளில் அதனை ஆக்கியோர் எவரும் அவ்வுழைப்பாளியைக் கண்டதில்லை.

போர்ணியோத் தீவிலிருந்து மதகுரு ஒருவர் 1952இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய மண்ணிலிருந்து வன்கோமைசின் கிடைத்தது. அது 1958இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. 1947இல் அறியப்பட்ட பொலிமிக்சின் வகையும், அதனுள் அடங்கிய கொலிஸ்ரினும் இவ்வினத்தனவே. வேறு மருந்து பயன்படாத கடுநோயாளருக்கு இறுதிப் புகலாக மருத்துவர் நாடும் மருந்துகளுள் வன்கோமைசினும் கொலிஸ்ரினும் இடம்பெறுகின்றன.

தேய்ந்துவரும் செல்வம்

இச்செல்வம் குறைந்துவருகின்றது என்பதே இவ்வரலாற்றின் கவலைக்குரிய பகுதி. வன்கோமைசினை எதிர்க்கும் குடற்பற்றீரியா 1988இல் அறிவிக்கப்பட்டது. கொலிஸ்ரினை எதிர்க்கும் ஆற்றலை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தவல்ல மரபணு 2015இல் சீனாவிலே கண்டறியப்பட்டது. கால்நடைகளை விரைவிற் கொழுக்கச் செய்வதற்காக அம்மருந்தைத் தீவனத்திற் கலந்து வந்த வழக்கம் இதற்குத் துணைபோயிற்று. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதனை வழங்குதலை இந்தியா 2019இல் தடை செய்தது. அதற்குமுன் 2012இலேயே சென்னையிற் கூடிய மருத்துவ அறிஞர், நுண்ணுயிர்கொல்லிகளை வரைமுறையின்றி வழங்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று ‘சென்னைப் பிரகடனம்’ என்ற அறிக்கையை வெளியிட்டிருந்தனர்.

எதிர்ப்பாற்றல் பிறப்பது இயற்கை. மண்ணில் மருந்து தோன்றிய காலந்தொட்டு அதனைத் தாங்கும் உயிர்களும் தோன்றி வந்துள்ளன. ஆயின், வேண்டாத சளிக் காய்ச்சலுக்கு மருந்துண்பதும், மருத்துவர் கூறாத மருந்தைக் கடையில் வாங்கி உண்பதும், எஞ்சிய மாத்திரைகளை அயலவருக்கு ஈவதும் அவ்வாற்றலை விரைந்து பரப்புவன. மருத்துவமனையைச் சேர்வதற்கே நெடுந்தூரம் மலைப்பாதையில் இறங்கவேண்டிய தோட்டக் குடும்பத்துக்கு, எளிய மருந்தொன்று பயனற்றுப் போதல் செல்வருக்கு நேரும் இழப்பினும் பெரிய இழப்பாகும். முதல் மருந்து கேளாதவிடத்து இரண்டாவதைத் தேடிச் செல்லும் வசதி எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதில்லை.

எனினும் மண் வறுமையுற்றுவிடவில்லை. மண்ணுயிர்களிற் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டுகளில் வளர்வதில்லை. அவற்றை அவை வாழும் மண்ணிலேயே சிற்றறைகளுள் வைத்து வளர்க்கும் முறையொன்றைக் கையாண்டு, அமெரிக்க நாட்டுக் கிம் லூவிஸ் குழுவினர் ரெயிக்சோபக்ரின் என்ற புதிய மருந்துப் பொருளை 2015இல் வெளிப்படுத்தினர். அதுவும் ஏடு நோக்காது தொடுக்கப்படும் பெப்தைட்டே. வலவடிவு அமினோ அமிலங்கள் அதிலும் உள. டியூபோஸ் காட்டிய வழி 75 ஆண்டுகளின் பின்னும் தூர்ந்துபோகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மண்ணில் முதல்மருந்தைக் கண்ட 1939 முதல், அதன் தொழிற்சாலை தேரும் விதியை வாசித்த 1999 வரை 60 ஆண்டுகள் சென்றன. அக்காலத்து உழைத்தோர் பல நாட்டினர். ஒருவர் தேடியதை மற்றொருவர் நிறைவாக்கினர். அவ்வாறு தேடிய பொருளைக் காப்பதற்கு அத்துணை அறிவு வேண்டுவதில்லை. வேண்டாதபோது அதனைத் தொடாதிருக்கும் அடக்கமே போதும். மருந்து மலையைத் தூக்கிவந்தவன், வேலை முடிந்ததும் அதனை மீண்டும் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான் என்றும் கதை கூறுகின்றது. தேடுதலோடு பேணுதலும் சேர்ந்தாலன்றி மருந்தறிவு நிறைவுறாது.